சாலை ஏறாத மலையூர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சுவிட்சர்லாந்தின் பெர்ன் மாநிலத்தில் உள்ள மியூரன் என்னும் சிறிய பனிச்சறுக்கு ஊரைப் பற்றியும், அந்த ஊரால் பெயர் பெற்ற ஒருவர் மதராஸில் பிறந்தவர் என்பதைப் பற்றியும் சென்ற இதழில் சில வரிகள் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வேலூர், குடியாத்தம், சோளிங்கர், திருப்பத்தூர் பக்கங்களிலிருந்து வாசகர்கள் கேட்டு எழுதியவை ஒன்றையொன்று தொட்டுச் செல்பவையாக இருந்ததால், இந்த இதழின் கேள்வி–பதில் பகுதி முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஐயா, மியூரன் அத்தனை சிறிய ஊர் என்றால் அதற்கு இவ்வளவு பெயர் எப்படி வந்தது? பனி பெய்கிற ஊர்கள் ஐரோப்பாவில் எத்தனையோ இருக்குமே?
(சத்துவாச்சாரி வாசகர்)

பதில்: பனி பெய்வதால் மட்டும் ஓர் ஊர் பனிச்சறுக்கு ஊர் ஆகிவிடுவதில்லை. பனி மூடிய பிறகும் அங்கே போய்ச் சேர வழி இருக்க வேண்டும். மியூரனின் வரலாறு பெரும்பாலும் அந்த வழியின் வரலாறுதான்.

லவுட்டர்புருன்னன் என்னும் பள்ளத்தாக்கின் இருபுறமும் பாறைச் சுவர்கள் செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. அந்தச் சுவர் ஒன்றின் விளிம்பில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,650 மீட்டர் உயரத்தில் மியூரன் அமைந்திருக்கிறது. எதிரே ஐகர், மோங்க், யுங்ஃப்ராவ் ஆகிய மூன்று சிகரங்களும் ஒரே வரிசையில் தெரியும். நிலையாகக் குடியிருப்பவர்கள் 450 பேர் அளவில்தான் இருப்பார்கள். வெளியூர்க் கார் ஏறி வருவதற்கு இன்றுவரை அங்கே சாலை கிடையாது. 1891இல் பள்ளத்தாக்கிலிருந்து கிரூட்ஷால்ப் என்ற இடம் வரை கம்பிவடத்தால் இழுக்கப்படும் ரயிலும், அங்கிருந்து மலை விளிம்பை ஒட்டியே மியூரன் வரை ஒரு குறுகிய பாதை ரயிலும் வந்தன. கோடையில் மலைக்காட்சி காண வருபவர்களுக்காகவே அவை ஓடின. குளிர்காலம் வந்ததும் ரயில் நின்றுவிடும், ஓட்டல்கள் பூட்டப்படும், ஊரில் மாடுகளும் அவற்றுக்கான வைக்கோலும் அவற்றைப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களும் மட்டுமே மிஞ்சும்.

1910ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஹென்றி லன் என்ற ஆங்கிலேயப் பயண ஏற்பாட்டாளர் ரயில் நிர்வாகத்தை இணங்கவைத்து, அந்த ரயிலைக் குளிர்காலத்திலும் ஓடச் செய்தார். அவரே ஆட்களைக் கூட்டி வந்து ஓட்டல்களை நிரப்பினார். கட்டடங்கள் ஏற்கனவே இருந்தன, பனியும் ஏற்கனவே இருந்தது. ரயிலின் கால அட்டவணை மாறியவுடன் ஊரின் பிழைப்பே மாறிவிட்டது. 1912இல் ஊருக்கு மேலே உள்ள அல்மெண்ட்ஹூபெல் என்ற மேட்டுக்கும் ஒரு கம்பிவட ரயில் வந்தது. முதல் உலகப் போர் வந்தபோது சுற்றுலாப் பயணிகள் நின்றுபோனார்கள்; ஆனால் 1916 முதல் காயமுற்ற பிரிட்டிஷ் போர்க் கைதிகள் நடுநிலை நாடான சுவிட்சர்லாந்துக்கு மாற்றப்பட்டபோது, மியூரனின் காலி ஓட்டல்களில் அவர்களில் பலர் தங்கவைக்கப்பட்டார்கள். ஆங்கிலேயருக்கும் அந்த ஊருக்கும் இடையே இருந்த உறவு போரோடு அறுந்துவிடாமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று சொல்லலாம்.

ஊரின் அழகைப் பற்றிப் பேசுபவர்கள் மர வீடுகளையும் சிகரங்களையுமே சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், வாகன இரைச்சல் இல்லாததுதான் முதல் அழகு. நிலையத்தில் இறங்கியவுடன் பெட்டிகள் சிறிய மின்வண்டிகளில் போகும், மனிதர்கள் நடந்து போவார்கள். 2006இல் பழைய கம்பிவட ரயிலின் இடத்தில் கேபிள் கார் வந்தது. 2024 டிசம்பரில் பள்ளத்தாக்கின் மறுமுனையான ஷ்டெச்செல்பெர்கிலிருந்து நேராக மியூரனுக்கு ஏறும், உலகிலேயே மிகச் செங்குத்தானது என்று சொல்லப்படும் கேபிள் கார் திறக்கப்பட்டது. இத்தனை செலவு செய்பவர்கள் ஒரு மலைச்சாலையையும் போட்டிருக்கலாம், போடவில்லை.

கேள்வி: மதராஸில் பிறந்த பனிச்சறுக்கு வீரர் என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். அவர் யார், நம் ஊருக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்பதை விரிவாக எழுத வேண்டும்.
(ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர், வேலூர்)

பதில்: அவர் பெயர் ஆர்னால்டு லன். மேலே சொன்ன ஹென்றி லன்னின் மகன். 1888 ஏப்ரலில் மதராஸில் பிறந்தார். தந்தை ஹென்றி மெதடிஸ்ட் சபையின் போதகர், மருத்துவமும் படித்தவர். 1887இல் மருத்துவ ஊழியத்துக்காக மதராஸ் மாகாணத்துக்கு வந்தவர், உடல்நிலை இடங்கொடுக்காததால் ஏறத்தாழ ஓராண்டில் இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டார். ஆகவே ஆர்னால்டு கைக்குழந்தையாகவே கப்பலேறியவர். அவரை நம்மவர் என்று உரிமை கொண்டாடுவதற்கு இடம் குறைவு. ஆனால் மருத்துவ ஊழியத்துக்கு வந்த வெளிநாட்டவரை நன்கு அறிந்தவர்கள் வேலூர்க்காரர்கள். 1900இல் ஐடா ஸ்கட்டர் தொடங்கிய ஒற்றைப் படுக்கை மருத்துவமனை இந்த ஊரின் முகத்தையே மாற்றியது. தங்கியவர்கள் இங்கே மருத்துவமனை கட்டினார்கள். தங்க முடியாமல் போன ஒருவர் ஆல்ப்ஸ் மலைக்கு ஒரு புதிய பருவகாலத்தையே உண்டாக்கினார் என்பது எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

ஹென்றி 1892இல் பல திருச்சபைகளைச் சேர்ந்தவர்களை ஒன்றாகப் பேசவைக்கும் மாநாடுகளை, மியூரனுக்கு அடுத்த பள்ளத்தாக்கில் உள்ள கிரிண்டல்வால்டு என்னும் ஊரில் கூட்டினார். மாநாட்டுக்கு ஆட்களை அழைத்துச் சென்ற அனுபவமே பிறகு பயணத் தொழிலாயிற்று. ஆர்னால்டு அந்தத் தொழிலோடும் பனியோடும் வளர்ந்தவர். 1909இல் வேல்ஸ் நாட்டு மலை ஒன்றில் பாறை ஏறும்போது விழுந்து, ஒரு கால் நிரந்தரமாகக் குட்டையாகிவிட்டது. அந்தக் காலோடுதான் அவர் வாழ்நாள் முழுவதும் சறுக்கினார்.

அவருடைய பெரிய பங்களிப்பு ஒரு போட்டி விதி. அதற்கு முன்பு, வளைந்து வளைந்து சறுக்குபவரின் நடையழகைப் பார்த்து நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள். அழகுக்கு அளவுகோல் இல்லை, நேரத்துக்கு உண்டு என்பது ஆர்னால்டின் வாதம். 1922 ஜனவரியில் மியூரனின் பயிற்சிச் சரிவு ஒன்றில் கொடிகளை இரண்டிரண்டாக நட்டு, ஒவ்வொரு இணைக்கும் நடுவே புகுந்து திரும்பி, யார் குறைந்த நேரத்தில் கீழே வந்து சேர்கிறாரோ அவரே வென்றவர் என்று போட்டி நடத்தினார். சிலாலம் என்று இன்று ஒலிம்பிக்கில் நாம் பார்க்கும் பந்தயத்தின் நவீன வடிவம் அங்கேதான் பிறந்தது. சமவெளி ஓட்டத்தையும் தாவலையும் மட்டுமே உண்மையான பனிச்சறுக்காகக் கருதிய நார்வேக்காரர்கள் இதை எளிதில் ஏற்கவில்லை. 1930இல்தான் சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு, மலைச்சரிவில் வேகமாக இறங்கும் இறக்கப் பந்தயத்தையும் சிலாலத்தையும் அங்கீகரித்தது. அடுத்த ஆண்டே, 1931இல், இப்படிச் சரிவில் இறங்கும் ஆல்பைன் பனிச்சறுக்கின் முதல் உலகப் போட்டிகள் மியூரனில் நடந்தன. பெண்களுக்கான இரண்டு பந்தயங்களையும் எஸ்மே மக்கினன் என்ற பதினேழு வயதுப் பெண் வென்றார். 1936இல் ஜெர்மனியின் கார்மிஷ் ஒலிம்பிக்கில் இவ்வகைப் போட்டி முதன்முறையாக இடம்பெற்றது.

மியூரனில் 1924இல் தொடங்கிய சங்கத்துக்குக் கந்தகார் சங்கம் என்று பெயர். ஆப்கானிஸ்தான் நகரத்தின் பெயர் ஆல்ப்ஸில் எப்படி என்று நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். 1880இல் காபூலிலிருந்து கந்தகாருக்குப் படை நடத்திச் சென்று, அந்த ஊரின் பெயரையே பட்டமாகப் பெற்றவர் ராபர்ட்ஸ் பிரபு. 1911இல் லன் குடும்பத்தார் நடத்திய இறக்கப் பந்தயம் ஒன்றுக்குக் கோப்பை தந்தவர் அவர். அந்தக் கோப்பையின் பெயரைச் சங்கம் எடுத்துக்கொண்டது. 1881 முதல் 1885 வரை மதராஸ் படையின் தலைமைத் தளபதியாக இருந்தவரும் இதே ராபர்ட்ஸ்தான். ஆர்னால்டு 1952இல் சர் பட்டம் பெற்று, 1974இல் மறைந்தார்.

1928இல் இச்சங்கத்தினர் தொடங்கிய 'இன்ஃபர்னோ' பந்தயத்தையும் சொல்லாமல் விட முடியாது. 2,970 மீட்டர் உயரமுள்ள ஷில்ட்ஹார்ன் சிகரத்திலிருந்து பள்ளத்தாக்கின் அடி வரை ஒரே மூச்சில் இறங்க வேண்டும். முதல் ஆண்டில் மேலே கொண்டுபோய் விட எந்த வாகனமும் இல்லாததால், போட்டியாளர்கள் முதலில் தங்கள் காலாலேயே சிகரத்துக்கு ஏறினார்கள். இன்றும் ஒவ்வொரு ஜனவரியிலும் இந்தப் பந்தயம் நடக்கிறது. 450 பேர் வாழும் ஊருக்கு அன்றைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட போட்டியாளர்கள் வந்து இறங்குகிறார்கள்.

கேள்வி: இது வெள்ளைக்காரப் பணக்காரர்களின் பொழுதுபோக்கு. கைத்தறியும் தீப்பெட்டியும் செய்து பிழைக்கிற எங்களைப் போன்றோர் இதைத் தெரிந்துகொண்டு என்ன ஆகப் போகிறது?
(குடியாத்தம் வாசகர்)

பதில்: உங்கள் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. கந்தகார் சங்கத்துக்கு முன்பே ஹென்றி லன் தொடங்கிய வேறொரு சங்கத்தில், இங்கிலாந்தின் உயர்தரத் தனியார் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் படித்தவர்கள் போன்றோருக்கே இடம் கிடைத்தது. மற்றவர்களோடு கலக்காமல் இருக்கலாம் என்பதே அவர் விற்ற சரக்கின் ஒரு பகுதி. ஆனால் பனிச்சறுக்குக் கட்டையைக் கண்டுபிடித்தவர்கள் பணக்காரர்கள் அல்லர். வடக்கு ஐரோப்பாவில் பல்லாயிரம் ஆண்டுகளாக வேட்டைக்கும் வீடு சேர்வதற்கும் உழைப்பாளிகள் காலில் கட்டிய மரப்பலகை அது. குதிகால் நழுவாதபடி கட்டும் பட்டையையும் திரும்புவதற்கு ஏற்ற வடிவையும் பரப்பிப் புகழ் பெற்ற சோந்த்ரே நூர்ஹைம், நார்வேயின் டெலிமார்க் பகுதியில் சொந்த நிலமில்லாத குத்தகைக் குடியானவர். 1868இல் தலைநகரில் நடந்த போட்டியில் எல்லாரையும் வியக்கவைத்தவர், வறுமையால் 1884இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து அங்கேயே இறந்தார். ஒரு கைத்தொழிலாளியின் கருவி பணக்காரரின் விளையாட்டாக மாறிய கதை நெசவாளர்களுக்குப் புதிதாக இருக்காது என்று நினைக்கிறேன்.

கேள்வி: ஊட்டியில் டிசம்பரில் புல்வெளி வெள்ளையாகிறதே, அங்கே ஏன் சறுக்க முடியாது?
(பள்ளி மாணவி, காட்பாடி)

பதில்: ஊட்டியில் நீங்கள் பார்ப்பது உறைபனி. மேகமில்லாத இரவில் தரை வேகமாகக் குளிர்ந்து, அதன் மேல் படியும் ஈரம் உறைந்துவிடுகிறது. கனம் சில மில்லிமீட்டர்தான், வெயில் ஏறியதும் போய்விடும். சறுக்குவதற்கு வேண்டியது மேகத்திலிருந்தே படிகமாக விழுந்து, அடுக்கடுக்காகச் சேர்ந்து, வாரக்கணக்கில் கரையாமல் கிடக்கும் வெண்பனி. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும். நம் அட்சரேகையில் காற்றின் வெப்பநிலை பூஜ்யத்தைத் தொடுவதற்கு ஏறத்தாழ 5,000 மீட்டர் மேலே போக வேண்டும். தொட்டபெட்டாவின் உயரமோ 2,637 மீட்டர்தான்.

கேள்வி: எங்கள் ஊர் யோக நரசிம்மர் மலைக்கு 2024இல் ரோப் கார் வந்தது. இமயமலையில் ஜோஷிமட் என்ற ஊரிலும் நரசிம்மர் கோயிலும் ரோப் காரும் உண்டு, அந்த ரோப் கார் பனிச்சறுக்கு ஊருக்குப் போகிறது என்று என் மகன் சொல்கிறான். உண்மையா?
(சோளிங்கர் வாசகி)

பதில்: உங்கள் மகன் சொன்னது உண்மை, அம்மா. ஆனால் அந்த ரோப் கார் இப்போது ஒரு சோகக் கதையாகிவிட்டது. உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில் இருக்கும் ஜோஷிமட்டுக்கு 2024இல் ஜோதிர்மட் என்று பெயர் மாற்றினார்கள். குளிர்காலத்தில் பத்ரிநாத் கோயில் மூடப்படும்போது, பத்ரிநாதருக்குரிய வழிபாடு இந்த ஊரின் நரசிம்மர் கோயிலில் தொடர்கிறது. திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி என்னும் திவ்ய தேசம் இதுவே என்பது வைணவ மரபு. உங்கள் சோளிங்கரும் திருக்கடிகை என்ற பெயரில் அவர் பாடிய தலம் என்பதால், இரண்டு ஊர்களையும் சேர்த்துப் பேசுவதில் பொருத்தம் உண்டு.

ஜோஷிமட்டுக்கு மேலே, ஏறத்தாழ 2,500 முதல் 3,050 மீட்டர் வரை உயரும் புல்வெளிச் சரிவுதான் அவுலி. கோடையில் ஆடுமாடுகள் மேயும் நிலம். 1973இல் இந்தோ–திபெத் எல்லைக் காவல் படையின் மலையேற்ற, பனிச்சறுக்குப் பயிற்சி நிலையம் அங்கே தொடங்கியது. எல்லை காக்கும் வீரர்களுக்குச் சறுக்குக்கட்டை ஒரு போக்குவரத்துச் சாதனம். சுற்றுலா அதற்குப் பின்னால் வந்ததுதான். 1990களின் முற்பகுதியில், அப்போது உத்தரப் பிரதேசமாக இருந்த பகுதியில், ஜோஷிமட்டிலிருந்து அவுலிக்கு ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளமுள்ள ரோப் கார் ஓடத் தொடங்கியது. தேவதாரு மரங்களுக்கு மேலே அது உயர உயர, 7,816 மீட்டர் உயரமுள்ள நந்தா தேவி கண்ணுக்கு நேராக வந்து நிற்கும். 2011 ஜனவரியில் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளின் பனிச்சறுக்குப் போட்டிகள் அவுலியில் நடந்தபோது, செயற்கைப் பனி தெளிக்கும் இயந்திரங்களும் அவற்றுக்கு நீர் தரும் ஒரு குளமும் அமைக்கப்பட்டன. அழுத்தப்பட்ட காற்றோடு நீரைத் துளித்துளியாகப் பீய்ச்சினால், கடுங்குளிரில் அது தரையைத் தொடுமுன் உறைந்துவிடும் என்பதே அந்த இயந்திரத்தின் தத்துவம். குளிர் போதாவிட்டால் விழுவது வெறும் தண்ணீர்தான்.

ஜோஷிமட் நகரம் உறுதியான பாறையின் மேல் நிற்கவில்லை. முற்காலத்தில் சரிந்து வந்த மண்ணும் கல்லும் குவிந்த மேட்டின் மேல் நிற்கிறது. அங்கே கனமான கட்டுமானங்கள் கூடாது என்று 1976இலேயே அரசு அமைத்த மிஸ்ரா குழு எச்சரித்திருந்தது. இருந்தும் கட்டடங்கள் எழுந்தன. 2023 ஜனவரியில் நூற்றுக்கணக்கான வீடுகளில் விரிசல் கண்டு மக்கள் வெளியேற்றப்பட்டபோது, ரோப் காரும் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு போதிய பனி இல்லாமல் அவுலியில் நடக்கவிருந்த பனிச்சறுக்குப் போட்டிகளும் கைவிடப்பட்டன. மேலே சரிவு அழகாகத்தான் இருக்கிறது. அந்த அழகுக்கு ஏறிப்போகும் வாசற்படியாக இருந்த ஊர்தான் அமிழ்கிறது. அவுலியைப் பற்றி எழுதும் சுற்றுலாக் கட்டுரைகள் இதை ஒரு வரியில் தாண்டிச் செல்வது எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: ஏலகிரியிலும் சாலையை மூடிவிட்டு ரோப் கார் மட்டும் விட்டால், மியூரன் போல அமைதியாக இருக்காதா?
(திருப்பத்தூர் வாசகர்)

பதில்: மியூரனில் சாலை மூடப்படவில்லை, முதலிலிருந்தே வரவில்லை. அதற்கேற்பவே அந்த ஊரின் கடை, பள்ளி, சரக்குப் போக்குவரத்து அனைத்தும் அமைந்தன. ஏலகிரியிலோ 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து விளைபொருள் கீழே இறங்குகிறது, நோயாளி கீழே வருகிறார். வார இறுதியில் மேலே வரும் நம்முடைய அமைதிக்காக மலைவாழ் மக்களின் வழியை அடைப்பது நியாயமாகாது. வருகிற வாகனங்களை எண்ணி அனுமதிப்பது வேறு விஷயம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் முதல் இ–பாஸ் முறை நடைமுறைக்கு வந்ததே, அதுபோன்ற ஒன்று கோடை வார இறுதிகளில் ஏலகிரிக்கும் வந்தால் நான் வரவேற்பேன். உள்ளூர் மக்களின் வண்டிகளுக்கு அதிலிருந்து முழு விலக்கு வேண்டும்.

கேள்வி: எனக்கு ஐம்பத்தெட்டு வயது, சர்க்கரை நோய் உண்டு, இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். அவுலி போய் ஒருமுறையாவது சறுக்கிப் பார்க்க ஆசை. முடியுமா?
(அரக்கோணம் வாசகர்)

பதில்: மருத்துவர் இசைந்தால் முடியும். கடினமான சரிவைத் தவிர்த்து, பழகுபவர்களுக்கான தாழ்ந்த சரிவில் பயிற்றுநரோடு நில்லுங்கள். கட்டிக்கொள்ளும் பலகைகளும் காலணிகளும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். மாநிலச் சுற்றுலா அமைப்பான கட்வால் மண்டல் விகாஸ் நிகம் 7 நாள், 14 நாள் பயிற்சிகளை நடத்துகிறது. பருவம் பொதுவாக ஜனவரி முதல் மார்ச் வரை. காட்பாடியில் கேரளா எக்ஸ்பிரஸ் ஏறினால் டெல்லி, அங்கிருந்து ரிஷிகேஷ், பிறகு தேவபிரயாகை, ருத்ரபிரயாகை, கர்ணபிரயாகை வழியாக ஜோஷிமட் ஏறத்தாழ 250 கிலோமீட்டர் மலைச்சாலை. அதை ஒரே நாளில் கடக்க முயலாமல் வழியில் ஓரிரவு தங்குங்கள். உயரம் உடம்புக்குப் பழகவும் அது உதவும். ரோப் காரை நம்பித் திட்டம் போட வேண்டாம். ஜோஷிமட்டிலிருந்து அவுலிக்கு வாடகை ஜீப் கிடைக்கும். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைப் புண்ணாக்கும் என்பதால் தரமான கறுப்புக் கண்ணாடி அவசியம். இறுக்கமான காலணி உங்கள் பாதத்தில் புண் உண்டாக்கியிருக்கிறதா என்று ஒவ்வொரு மாலையும் பாருங்கள். இன்சுலின் ஒருமுறை உறைந்துவிட்டால் மறுபடி உருகினாலும் பயன்படுத்தக் கூடாது. அதை முதுகுப்பையில் வைக்காமல், உள்சட்டையின் பையில் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.